மூன்று பேருக்கு ஒரு கல்

காத்மாண்டு
7 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சிவா எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் சுகமாக வந்து சேர்ந்தோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, இல்லை போட்டதாக எனக்குச் சொல்வதோடு சரியா?

மலேசியாவிலிருந்து கிளம்பும்போது விமான நிலையத்தில் நீ செய்த கூத்தை ஜெயராஜ் இன்னும் சொல்லிச் சிரிக்கிறான். சோதனை வாசலில் நிறுத்தி, கைப்பையிலிருந்து முட்டை அளவு கல்லை எடுத்து என் சட்டைப் பையில் போட்டாய். "மூணு பேரா போகக்கூடாது. இதுதான் நாலாவது ஆள்" என்றாய். உள்ளே ஸ்கேன் மெஷின்காரர் அதை எடுத்துப் பார்த்து, "இது என்னா பாஸ்?" என்று கேட்டார். குகன் சிரிக்காமல், "எங்க டீம்ல ஒருத்தர் லா" என்றான். அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஜெயராஜ் நம் கிள்ளான்காரன், பதினைந்து வருடமாக என்னோடு கயிறு கட்டுகிறவன், உனக்குத் தெரியும். குகனை நீ அன்றுதான் பார்த்தாய். ரவாங்கில் பள்ளி ஆசிரியர். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் பனிச்சுவரில் அவன் கால் வைத்த இடம் பிசகாது.

லுங்சார் மலையின் மேற்குச் சுவரில் இதுவரை யாரும் ஏறி முடித்ததில்லை. ஆயிரத்து எழுநூறு மீட்டர், பாறையும் பனியுமாக நெட்டுக்குத்தாக நிற்கிறது. இரண்டு குழுக்கள் பாதியில் திரும்பியிருக்கின்றன. ஷா ஆலம் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறவனுக்கு இது எதற்கு என்று நீ நூறு தடவை கேட்டுவிட்டாய். நூற்றியொன்றாவது தடவையை நான் திரும்பி வந்த பிறகு கேள்.

மேலே கூடாரத்தில் போன் எடுக்காது. சாட்டிலைட் போன் வானிலைக்கும் ஆபத்துக்கும் மட்டும்தான். வாரம் ஒருமுறை ஒரு சுமைகாரர் கீழே தாங்சே கிராமத்துக்கு இறங்குவார். அங்கே உள்ள கடைக்காரர் என் கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். நீயும் எழுதிப் படம் பிடித்து அனுப்பு. அவர் அச்செடுத்து மேலே கொடுத்துவிடுவார். மூன்று நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். அப்பா வெளியூர் வேலையிலிருந்து எழுதிய காலம் திரும்பி வந்ததாக நினைத்துக்கொள்.

கால் வீக்கம் கண்டால் டாக்டரிடம் போ.

உன் தம்பி,
சிவேந்திரன்

*

பிரிக்பீல்ட்ஸ்
15 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி சிவாவுக்கு,

அக்கா கௌசலா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நான் சுகம். அங்கு நீங்கள் மூவரும் சுகமாயிருக்கக் கந்தசாமி கோயிலில் விளக்கேற்றினேன். சுவரில் தொங்கப் போகிறவன் என் முழங்காலைப் பற்றிக் கவலைப்படுகிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். மூன்று பேராய்ப் போன காரியம் உருப்பட்டதில்லை. அதற்காகத்தான் ஒரு கல்லைக் கூட்டிக்கொண்டு போவது. ஆனால் வழக்கத்தின் மறுபாதியையும் கேட்டுக்கொள். போய்ச் சேர்ந்ததும் அந்தக் கல்லை ஓரமாக வைத்துவிட வேண்டும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. துணைக்கு வந்த கல்லைக் கூடவே வைத்துக் கொண்டாடக் கூடாது.

போன மாதம் கிள்ளான் வீட்டை விற்றுச் சாவி கொடுக்கப் போனேனே, அன்று பின்புறத்துக் கால்வாய் ஓரத்தில் கிடந்த கல் அது. கையில் எடுத்தேன், கீழே போட மனம் வரவில்லை. உன் பயணத்துக்கு ஆயிற்று என்று பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. தீபாவளிக் கடைகள் இப்போதே நடைபாதையைப் பிடித்துக்கொண்டன. தீபாவளிக்கு முன் வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாய். நான் முறுக்குக்கு மாவு அரைப்பது அந்தச் சொல்லை நம்பித்தான். எனக்கு இருப்பது நீ ஒருவன். அதை மனதில் வைத்துக் கால் எடுத்து வை.

அன்புடன்,
அக்கா

*

லுங்சார் அடிவாரக் கூடாரம்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். முதல் மூன்று நாள் தலைவலி இருந்தது, இப்போது பசி வந்துவிட்டது. உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது.

சுவர் எதிரிலேயே நிற்கிறது. காலையில் கறுப்பு, மதியம் சாம்பல். வெயில் பட்டதும் மேலிருந்து கல் உதிர ஆரம்பித்துவிடும். சத்தம் நமக்கு வந்து சேர்வதற்குள் கல் கீழே விழுந்திருக்கும். பார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறோம்.

சமையல்காரர் பெயர் பாசாங். ஆறு வருடம் கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். எங்களோடு மலாயில் வெளுத்து வாங்குகிறார். நுரை பொங்க ஆற்றும் நம்மூர்த் தேநீர், தேத்தாரேகூடப் போடுகிறார்.

இனி, நீ திட்டப் போகிற சங்கதி. கல்லை ஓரமாக வைக்கச் சொன்ன உன் கடிதம் வருவதற்குள் அது எங்கள் வீட்டு ஆளாகிவிட்டது. சாப்பிட உட்காரும்போது அதற்கும் ஒரு தட்டு. ஜெயராஜ் பழக்கத்தில் தினமும் ஆட்களை எண்ணுவான், "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, சரி" என்று முடிப்பான். தாங்சே காவல் நிலையப் பதிவேட்டிலும் அந்த அதிகாரி நான்கு பேர் என்று எழுதி வைத்திருந்தார். மூன்று என்று திருத்தச் சொன்னேன். எங்களுக்குப் பின்னால் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் திருத்தினார்.

கல்லுக்குப் பெயர்கூட வைத்தாகிவிட்டது. பாலன். கறுப்பு மார்க்கரில் எழுதியிருக்கிறது. நேற்று நீ எழுதியதைப் படித்துவிட்டு, யார் இந்தப் பெயரை வைத்தது என்று கேட்டேன். குகன் என்னைக் கைகாட்டி, "நீங்கதான் வெச்சீங்க" என்கிறான். எனக்கு அப்படி ஞாபகம் இல்லை, அவன்தான் என்று நினைத்திருந்தேன். ஜெயராஜ் என்னடாவென்றால், "அக்கா எழுதிக் குடுத்ததுன்னுல நெனச்சேன்" என்கிறான். உயரத்தில் மூளைக்குக் காற்றுப் போதாது அக்கா, இப்படித்தான் மறதி வரும்.

மாத்திரை போடு.

சிவா

*

பிரிக்பீல்ட்ஸ்
30 செப்டம்பர் 2024

தம்பி சிவாவுக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. நலம் விசாரித்து எழுத இப்போது எனக்குப் பொறுமை இல்லை. நீ சுகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பெயரை யார் வைத்தது என்று சரியாகக் கேட்டு எழுது. எனக்குத் தெரிய வேண்டும். நான் கொடுத்தபோது அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அந்தப் பெயரைச் சொல்லி இனி யாரும் கூப்பிட வேண்டாம். தட்டு வைக்க வேண்டாம். எண்ணவும் வேண்டாம். கடிதம் கிடைத்த உடனே கல்லைக் கொண்டுபோய் ஓடுகிற தண்ணீரில் போட்டுவிடு. ஏன் என்று கேட்காதே. இத்தனை வயதுவரை அக்கா உன்னிடம் எதையும் காரணம் சொல்லாமல் கேட்டதில்லை, இது ஒன்றைக் கேள்.

அக்கா

*

லுங்சார் அடிவாரக் கூடாரம்
5 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். கோபம் தணிந்ததா? நீ இப்படி எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் வாய் பேசாமல் சொன்னதைச் செய்தேன். முந்தாநாள் கல்லை எடுத்துப்போய் பனியாற்றிலிருந்து வரும் ஓடையில் போட்டேன். நல்ல வேகம், இடுப்பளவு ஆழம். விழுந்த சத்தம்கூடக் கேட்டது.

நேற்றுக் காலை சமையல் கூடாரத்தில் அதன் தட்டில் அது உட்கார்ந்திருந்தது. ஈரம் காயவில்லை.

கையில் எடுத்துப் பார்த்தேன், அதே கல்தான். பிறகு குகன், "நான்தான் எடுத்துட்டு வந்தேன் அண்ணே, பாவமா இருந்துச்சு" என்றான். இந்தக் குளிரில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியதற்குத் திட்டினேன். அவன் காலணி காய்ந்துதான் இருந்தது. வேறு ஜோடி போட்டிருப்பான்.

பாசாங்குக்குக் கல்லைத் திரும்ப ஓடையில் போடுவது பிடிக்கவில்லை. "சின்னப் பிள்ளையை எத்தனை தடவை தண்ணியில போடுவீங்க?" என்று மலாயில் கேட்டார். எதற்குச் சின்னப் பிள்ளை என்று சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

எட்டாம் தேதி சுவரில் ஏறுகிறோம். ஐந்து நாள் நல்ல வானிலை என்று தகவல். மேற்குச் சுவரில் ஏறி, வடக்கு முகடு வழியாக இறங்குவது திட்டம். பதினாறாம் தேதிக்குள் கீழே வந்துவிடுவோம். அதுவரை கடிதம் வராது. கல்லைப் பாசாங்கிடமே விட்டுவிட்டேன், ஆகவே கவலைப்படாதே. மூன்று பேராகத்தான் போகிறோம்.

முறுக்கில் எள் கூடுதலாகப் போடு.

உன்
சிவா

*

பிரிக்பீல்ட்ஸ்
9 அக்டோபர் 2024

அன்புத் தம்பி சிவாவுக்கு,

நீ நேற்றே ஏறியிருப்பாய். இது உன் கைக்கு எப்போது வரும் என்று தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வருடம் சொல்லாததை இன்னும் ஒரு நாளும் வைத்திருக்க முடியாமல் எழுதுகிறேன்.

உனக்கு ஓர் அண்ணன் இருந்தான். அவன் பெயர் பாலன்.

1972. எனக்கு ஏழு வயது, அவனுக்கு நாலு. பள்ளி விடுமுறை. நானும் என் கூட்டாளிகள் மார்க்கிரட்டும் தனலெட்சுமியும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள கடைக்கு ஐஸ் கெப்பால் வாங்கப் போனோம். சீவிய ஐஸை உருண்டையாக அழுத்திச் சிவப்புச் சிரப் ஊற்றித் தருவான். கேட்டைத் திறக்கும்போது தனலெட்சுமியின் அம்மா அடுத்த வீட்டிலிருந்து, "மூணு பேரா போகாதீங்கடி, ஒரு கல்லையாச்சும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சத்தம் போட்டார். வாசலில் விரல் சூப்பிக்கொண்டு பாலன் நின்றான். கல்லைத் தேட எனக்குச் சோம்பல். "கல்லுக்குப் பதிலா இவன் வரட்டும்" என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அவனுக்கு வேகமாக நடக்கத் தெரியாது. கால்வாய்ப் பாலத்துக்கு வந்ததும் எங்களுக்கு எரிச்சல் வந்துவிட்டது. நான்தான் சொன்னேன் சிவா, மற்ற இருவரும் இல்லை. "கல்லு பேசாது. நீயும் பேசாம இங்கேயே நில்லு. நாங்க போயிட்டு வரோம்" என்றேன். சரி என்று தலையாட்டினான்.

அவனுக்கும் ஒன்று வாங்கினோம். வழியில் உருகத் தொடங்கியது. வீணாகிவிடும் என்று அதையும் மூன்று பேரும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம். மரத்தடியில் நின்று நிதானமாகச் சாப்பிட்டோம். அப்போது மேலே எங்கோ பெரிய மழை பெய்திருக்கிறது. நாங்கள் திரும்பியபோது பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியது.

எதிர்க்கரையில் இருந்த லோரிக்காரர் பார்த்திருக்கிறார். தண்ணீர் ஏறுவதைக் கண்டு, "ஓடு, ஓடு" என்று கத்தினாராம். பிள்ளை நகரவில்லையாம். சொன்னபடி நின்றானாம்.

உடல் கிடைக்கவேயில்லை. அம்மா அவன் படங்களை எரித்தாள். பெயரைச் சொல்லக் கூடாது என்றாள். பத்து வருடம் கழித்து நீ பிறந்தாய், உனக்கும் யாரும் சொல்லவில்லை. அந்தப் பெயரை நீ கேட்டிருக்க வழியே இல்லை. நான் கொடுத்த கல் அந்தப் பாலத்தடியில் பொறுக்கியது.

உன் கடிதத்தில் பெயரைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். என் மேல் உள்ள கோபத்தை உன்னிடம் தீர்த்துக்கொள்ள வந்திருக்கிறான் என்று நினைத்தேன். தண்ணீரில் போடச் சொன்னேன். எழுதி அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இரண்டாவது தடவையாக அவனைத் தண்ணீரில் விட்டிருக்கிறேன்.

அதனால் இப்போது சொல்வதைக் கேள். அவனுக்குத் தட்டு வை. பெயர் சொல்லிக் கூப்பிடு. எங்கேயும் விட்டுவிட்டு வராதே. எங்கேயும் நிற்கச் சொல்லாதே. உன்னோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா.

நீயும் வா. முதலில் நீ வா.

அக்கா

*

லுங்சார் அடிவாரக் கூடாரம்
16 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். நீ இதைத்தான் முதலில் தேடுவாய் என்று தெரிந்து முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். என் இடது காலில் இரண்டு விரல் கறுத்திருக்கிறது. உயிருக்கு ஒன்றும் இல்லை.

சுவர் முடிந்தது அக்கா. பதின்மூன்றாம் தேதி காலை பத்தரைக்கு உச்சியில் நின்றோம். அந்தச் சுவர் வழியாக அங்கே வந்து நின்ற முதல் ஆட்கள் நாங்கள். ஜெயராஜ் அழுதான். நான் அழவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை.

ஏறும்போது மூன்று பேர் உட்காரும் அளவுக்குத்தான் பனியில் திட்டு வெட்டுவோம். ஒவ்வொரு தடவையும் வெட்டி முடித்துப் பார்த்தால் நாலு பேருக்கு இடம் இருக்கும்.  தேநீர் ஊற்றும்போது ஜெயராஜ் நாலாவது தடவையும் பிளாஸ்க் மூடியை நிரப்பி, ஆளில்லாத பக்கமாக நீட்டுவான். பிறகு கையைப் பார்த்துக்கொண்டு தானே குடிப்பான்.

உச்சியில் கொடியை எடுக்க ஜெயராஜ் பையைத் திறந்தான். உள்ளே கல் இருந்தது. பாசாங்கிடம் நான் கொடுத்துவிட்டு வந்த அதே கல், பெயரோடு. ஜெயராஜ் குகனைப் பார்த்தான். குகன், "நான் வெக்கல. அன்னிக்கு ஓடையிலேருந்தும் நான் எடுக்கல. நீங்க பயந்துடுவீங்கன்னு அப்படிச் சொன்னேன்" என்றான். அவன் விளையாடுகிற முகத்தோடு சொல்லவில்லை.

நீ விட்டுவிடச் சொன்னாயே, அதனால் உச்சியிலேயே பனியில் குழி செய்து வைத்துவிட்டோம். குகன் அதைத் தட்டிக் கொடுத்து, "பாலா, நீ பேசாம இங்கேயே நில்லு. நாங்க போயிட்டு வரோம்" என்றான். அதன் வேலை முடிந்தது. உனக்கு நிம்மதியாக இருக்கும்.

இறங்கும்போது மதியம் மூடுபனி கவிந்தது. கை நீட்டினால் கை தெரியவில்லை. நான் கடைசி ஆள், எனக்குப் பின்னால் கயிறு கிடையாது. அப்போது பின்னாலிருந்து ஏதோ இழுத்தது போல இருந்தது. நின்றுவிட்டேன். நான் நின்றதால் கயிறு இறுகி மற்ற இருவரும் நின்றார்கள். பத்து எண்ணுவதற்குள் முன்னால் முகட்டின் பனி விளிம்பு முழுவதும் முறிந்து கீழே போயிற்று. இன்னும் ஆறேழு அடி நடந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

பையோ கயிறோ எங்காவது பாறையில் மாட்டியிருக்கும். பிறகு தேடிப் பார்த்தேன், அங்கே பாறை எதுவும் இல்லை.

இதை மடித்துவிட்டேன், பாசாங் உன் ஒன்பதாம் தேதிக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். படித்துவிட்டேன் அக்கா.

சிவா

*

பிரிக்பீல்ட்ஸ்
4 நவம்பர் 2024

அன்புத் தம்பி சிவாவுக்கு,

அக்கா எழுதுவது. கால் எப்படி இருக்கிறது? விரல்களை எடுத்துவிட்டார்கள் என்று ஜெயராஜ்தான் போனில் சொன்னான். மலேசியா வந்து பத்து நாள் ஆகிறதாம். பிரிக்பீல்ட்ஸுக்கும் ஷா ஆலத்துக்கும் நடுவில் இமயமலை எதுவும் இல்லை. தீபாவளிக்கும் நீ வரவில்லை. நான் வந்து கதவைத் தட்டியபோது உள்ளே விளக்கு எரிந்தது. முறுக்கை வாசலில் மாட்டிவிட்டு வந்தேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. குகன் மேலும் இல்லை. அவனுக்கு என்ன தெரியும்? நான் சொன்ன அதே வார்த்தையை அவன் வாய் எப்படிச் சொன்னது என்று மட்டும் ஓயாமல் யோசிக்கிறேன். நான் விடச் சொன்ன கடிதம் உங்களுக்குச் சரியான நேரத்தில் வந்தது. கூட்டி வரச் சொன்னது பிந்திவிட்டது. தபாலைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

நேரில் பேச முடியாவிட்டால் எழுது. இரண்டு பேருக்கும் இப்போது அதுதான் கைவருகிறது. பின்னாலிருந்து ஏதோ இழுத்தது என்று எழுதினாயே, அது பையோ கயிறோ இல்லை என்று எனக்குத் தெரியும். உன்னை நான் வளர்த்திருக்கிறேன். நீ எதையாவது மறைத்தால் அந்த இடத்தில் உன் எழுத்துச் சிறிதாகிவிடும்.

அக்கா

*

ஷா ஆலம்
17 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கால் ஆறி வருகிறது. ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்கிறேன். முறுக்கைச் சாப்பிட்டேன், எள் சரியாக இருந்தது. கதவைத் திறக்காததற்கு மன்னித்துவிடு. உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

கயிறு இல்லைதான். என் மேல்சட்டையின் கீழ் ஓரத்தை ஒரு கை பிடித்தது. சின்னக் கை. என் இடுப்புக்குக் கீழே இருந்து பிடித்தது. ஒரு குரலும் கேட்டது. தமிழில்தான் கேட்டது. "அக்கா நிக்கச் சொன்னாங்க" என்றது.

நீ என்னை நிற்கச் சொல்கிறாய் என்று நினைத்துத்தான் நின்றேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் அது தன்னைப் பற்றிச் சொன்னது என்று புரிந்தது. நிற்கச் சொன்ன இடத்திலிருந்து எங்கள் பின்னால் இறங்கி வந்து, எங்களை நிறுத்தியிருக்கிறான். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அக்கா. முன்னால் பார்த்துக்கொண்டு இறங்கிவிட்டேன். என் அண்ணனை நானும் விட்டுவிட்டு வந்தேன்.

நேற்றுப் பாசாங்கிடமிருந்து மலாயில் ஒரு கடிதம் வந்தது. தமிழில் தருகிறேன். அபாங் என்றால் அண்ணன், அடிக் என்றால் தம்பி, அவற்றை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

"அபாங் சிவா, நலமா? நீங்கள் போன பிறகு சாமான்களைக் கட்ட நான் மூன்று நாள் அடிவாரத்தில் இருந்தேன். இரண்டாம் நாள் காலை புதுப்பனியில் காலடி பார்த்தேன். வெறுங்கால், சின்னது. மலைப் பக்கமிருந்து வந்து சமையல் கூடார வாசலில் நின்றிருந்தது. உள்ளே வரவில்லை. நான் ஒரு குவளை தேத்தாரே வைத்தேன். பிறகு பார்த்தபோது குவளை காலி.

இப்போது தாங்சேயில் என் வீட்டில் இருக்கிறேன். உங்கள் அடிக் இங்கே வந்துவிட்டான். ஊர் எல்லைப் பாலத்தில் நிற்கிறான். என் மனைவி இரண்டு தடவை பார்த்தாள். நான் ஒரு தடவை பார்த்தேன், முதுகு மட்டும். நேபாளியில் கூப்பிட்டேன், அசையவில்லை. மலாயில் கூப்பிட்டேன், தலையைத் திருப்பினான். வீட்டுக்கு வா என்றேன், வரவில்லை. யாருக்கோ காத்திருக்கிறான். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உங்கள் கல் இருக்கிறது. எழுத்து அழிந்துவிட்டது. டிசம்பர் பாதியில் பனி வழியை மூடிவிடும். அதற்குள் அவனுடைய ஆட்கள் வந்து கூட்டிப்போனால் நல்லது. குளிரில் பிள்ளையை நிற்க வைக்கக் கூடாது."

எனக்கு ஆறு மாதம் மலைப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெயராஜிடம் காட்டினேன். படித்துவிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி நிறுத்தினான்.  என்ன செய்யட்டும் அக்கா?

சிவா

*

பிரிக்பீல்ட்ஸ்
27 நவம்பர் 2024

என் அன்புத் தம்பி சிவாவுக்கு,

அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் சுகம். முழங்காலும் சுகம், மாத்திரை போடுகிறேன், இது பொய் இல்லை. நீ ஒன்றும் செய்ய வேண்டாம். காலை ஆற விடு.

உன் கடிதம் வந்த அன்றே செராஸுக்கு மார்க்கிரட்டைக் கூப்பிட்டேன். கல்யாணம், சாவு என்று பார்த்துக்கொள்வோமே தவிர, அந்த நாளைப் பற்றி நாங்கள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. பாசாங்கின் கடிதத்தைப் போனில் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "எப்ப கெளம்புறோம்?" என்றாள். தனலெட்சுமி ரவாங்கில் மகளோடு இருக்கிறாள். அவளுக்குச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு எல்லாம் உண்டு. "நானும் அந்த ஐஸத் தின்னவதானே கௌசி" என்று சொல்லிவிட்டு, துணி எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

மூன்று கிழவிகள் மலை ஏறுவதா என்று நீ கேட்பாய். தாங்சே வரை குதிரை கிடைக்கும் என்று ஜெயராஜ் விசாரித்துவிட்டான். விமான நிலையத்துக்குக் குகன்தான் கொண்டுபோய் விடுகிறான். நேற்று வந்து என் காலைத் தொட்டுக்கொண்டு அழுதான். சோறு போட்டு அனுப்பினேன். நாளைக் காலை பயணம்.

பயமாக இருக்கிறதா என்றால், இருக்கிறது. அவன் என்னைப் பார்த்து என்ன கேட்பான் என்று தெரியவில்லை. எனக்கு ஐம்பத்தொன்பது வயது, அவனுக்கு இன்னும் நாலு. அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்றுதான் கூடுதல் பயம். அதனால் பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றே, "பாலா, அக்கா வந்துட்டேன், வா" என்று குரல் கொடுக்கப் போகிறேன். குரல் அவ்வளவாக மாறவில்லை என்று மார்க்கிரட் சொல்கிறாள். அன்று சொன்னபடி நின்றான். மலை உச்சியில் நிற்கச் சொன்னபோது நிற்காமல் உன் பின்னால் வந்தானே, அந்த ஒன்றை நினைத்துத்தான் நான் தூங்குகிறேன்.

தனலெட்சுமியின் மகள் இன்று வந்து, "மூணு பேரா போறீங்களேம்மா" என்று பூந்தொட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்து நீட்டினாள். நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்று சொன்னோம். அந்தப் பெண் பயந்துபோய்க் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டது. போகும்போது மூன்று பேராகத்தான் போகிறோம் சிவா. துணைக்கு யாரும் வேண்டாம்.

எட்டாம் தேதி மதியம் வந்து இறங்குவோம். அன்று என் வீட்டைத் திறந்து, ஜன்னலை எல்லாம் திறந்து வை. சந்தியில் ஐஸ் விற்கிறவனிடம் சொல்லி, சீவிய ஐஸை உருண்டை பிடித்துத் தரச் சொல். சிவப்புச் சிரப் நிறைய ஊற்றச் சொல். நாங்கள் வாசலுக்கு வந்த பிறகு வாங்கு, உருகிவிடக் கூடாது.

நாலு வாங்கு. முதலாவதை அவன் கையில் கொடு.

உங்கள் அக்கா,
கௌசலா